ஒரு கிலோ தூளும் பத்து விநாடியும்

காரில் வைக்கும் ஒரு கிலோ தீயணைப்பானின் பிடியை அழுத்தினால், உள்ளே இருப்பதெல்லாம் எட்டுப் பத்து விநாடிக்குள் வெளியே வந்துவிடும். அந்த நேரத்துக்குள் எரியும் பெற்றோலை வெறும் தூள் எப்படி அடக்குகிறது? மேலே படிந்து காற்றை அடைப்பதால் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரிய வேலை சுவாலைக்குள்ளேயே நடக்கிறது.

பெற்றோல் ஆவி ஒட்சிசனுடன் ஒரேயடியாகச் சேர்ந்துவிடுவதில்லை. நடுவில் ஐதரசன் அணு, ஐதரொட்சில் போன்ற அரைகுறைத் துண்டுகள் தோன்றும். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு சுயாதீன மூலிகங்கள் என்றால் ஞாபகம் வரும். ஓர் ஐதரசன் அணு ஒட்சிசன் மூலக்கூறொன்றுடன் மோதினால் புதிதாக இரண்டு துண்டுகள் பிறக்கும். அவை மேலும் மோதும். இந்தச் சங்கிலி ஓடும்வரைதான் சுவாலை. தூளின் நுண்ணிய துகள்கள் சூடேறிச் சிதையும்போது இந்த மூலிகங்களைப் பிடித்து ஓயவைக்கின்றன. சங்கிலி அறுந்தால், பெற்றோலும் காற்றும் பக்கத்திலேயே இருந்தாலும் சுவாலை அணைந்துவிடும்.

தூளிலும் இரண்டு வகை. உருளையில் பிசி (BC) என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் சோடியம் இருகாபனேற்று. அது பெற்றோல் தீக்குக் கெட்டிக்காரத் தூள்தான், ஆனால் சீற் பஞ்சு உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தால் மறுபடி பற்றும். பஞ்சு, துணி போன்ற திடப்பொருள் தீக்கும் பொருந்தும் ஏபிசி (ABC) வகையில் இருப்பது அமோனியம் பொசுபேற்று. 190 பாகை அளவில் உருகி, பஞ்சிலும் கம்பளத்திலும் பசைபோல ஒட்டி மூடிவிடும். காருக்கு ஏபிசிதான் என்பேன்.

அப்புறம் கொழும்பு வெயில். தூளைத் தள்ளுவது ஏறக்குறைய 15 பார் அமுக்கத்தில் அடைத்த நைதரசன். 20 பாகையில் 15 பார் என்றால் 60 பாகையில் 17 பார் ஆகும். உருளை அதைத் தாங்கும். ஆனால் பல தீயணைப்பான்களுக்கு 60 பாகைதான் மேல் எல்லை. கண்ணாடி ஏற்றி வெள்ளவத்தையில் மதியம் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். ஆகவே வெயில் படாத இடத்தில், சாரதி சீற்றோடு சேர்த்து, பிடிப்பான் போட்டு இறுக்குங்கள். சும்மா கீழே போட்டால் உருண்டு பிரேக் மிதிக்கடியில் போய் நிற்கும். டிக்கியில் வைத்தால் தேவையான நேரத்தில் கைக்கு எட்டாது. அமுக்கமானியின் முள்ளைக் காலைக் குளிரில் பாருங்கள். மதியத்தில் அது கொஞ்சம் கூடத்தான் காட்டும்.

முள் பச்சையில் நின்றால் மட்டும் போதாது. அது வாயுவைப் பற்றித்தான் சொல்லும், தூளைப் பற்றி அல்ல. காலி வீதியின் குலுக்கலில் தூள் அடியில் இறுகிப்போகலாம். அப்போது வாயு மட்டும் வெளியேறும். மாதம் ஒருக்கா உருளையைத் தலைகீழாக்கிக் காதருகே பிடித்தால் தூள் சரியும் ஓசை கேட்க வேண்டும். வேலை செய்கிறதா என்று ஒருக்கா அழுத்திப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். வால்வின் இடுக்கில் சிக்கும் ஒரு சில துகள் போதும், வாயு மெல்லக் கசிந்து சில நாளில் முள் பூச்சியத்துக்கு வந்துவிடும்.

பொனட்டுக்குள் புகை வந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், பெற்றோல் பம்பும் நிற்கும். எல்லோரையும் இறக்கி, 110க்கு அழையுங்கள். பொனட்டை முழுதாகத் தூக்காதீர்கள். காற்று பாய்ந்து சுவாலை முகத்துக்கே வரும். காருக்குள் இருக்கும் பொனட் நெம்பை மட்டும் இழுத்தால் விரலளவு இடுக்கு கிடைக்கும், அதன் வழியே தூளை அடியுங்கள். பத்து விநாடியில் அணையாவிட்டால் விலகிவிடுங்கள்.

ஹைபிரிட் வெசல், மின்சார லீஃப் போன்ற கார்களின் லிதியம் அயன் பற்றரி தீப்பற்றினால் இந்தத் தூளால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வெப்பம் கலங்களுக்குள்ளேயே பிறக்கிறது. தூள் குளிர்விப்பதில்லை, நச்சுப் புகையும் சேரும். தீயணைப்புப் படை வந்து நிறையத் தண்ணீர் பாய்ச்சித்தான் அடக்க வேண்டும்.

தீ அணைந்த காரைக் கராஜுக்கு இழுத்துப் போகும்போது தூள் அடித்ததைச் சொல்லிவிடுங்கள். பொசுபேற்றுத் தூள் நம் ஈரக்காற்றை உறிஞ்சி அமிலத்தன்மை கொண்டு அலுமினியத்தையும் வயர் முனைகளையும் அரிக்கும். ஒன்றிரண்டு நாளுக்குள் உறிஞ்சி எடுத்துத் துடைக்காவிட்டால், தீயில் தப்பிய பாகங்களும் கெட்டுவிடும். பாதிதான் செலவானது என்றாலும் உருளையை மீண்டும் நிரப்பக் கொடுக்க வேண்டும்.