ஆடுகால்: டேபர்நேக்கிளைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தின் நோர்போக்கில் ஒரு படகுத்துறை. காரின் பின்னால் கட்டி இழுத்து வந்த ட்ரெய்லரில் நண்பரின் சின்னப் பாய்ப்படகு நிற்கிறது. அதன் பாய்மரம் படகின் மேல் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடக்கிறது. அதை எழுப்பி நிறுத்திவிட்டுத்தான் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும். மேலே ஏறி நின்ற நண்பர், டேபர்நேக்கிளில் ஆணி முழுதாக ஏறியிருக்கிறதா பார் என்றார். அவர் ஆங்கிலேயர். நான் படகைப் பார்க்காமல் சுற்றுமுற்றும் தேவாலயத்தைத் தேடினேன். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு அந்தச் சொல் கேட்டால் பீடத்தில் இருக்கும் நற்கருணைப் பேழைதான் ஞாபகம் வரும்.

அவர் காட்டியது ஒரு சாமானியமான இரும்புச் சாமான். படகின் கூரையில் கன்னங்கள் போல இரண்டு பக்கத் தகடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே பாய்மரத்தின் அடி. கன்னம், மரம், மறுகன்னம் என்று மூன்றையும் துளைத்துக்கொண்டு குறுக்கே ஓர் ஆணி. மரம் அந்த ஆணியில் சுழன்று பின்பக்கமாகச் சாயும், திரும்ப நிமிரும். பெரிய படகுகளில் இதே அமைப்பு மரப்பலகையில் ஆள் உயரத்துக்கும் இருக்கும். இதற்குத்தான் டேபர்நேக்கிள் என்று பெயர்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இலத்தீனில் தபேர்னா என்றால் குடிசை, கொட்டில், கடை. அதன் சின்ன வடிவம் தபேர்னாகுலும்: சிறுகுடில், கூடாரம். வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்தபோது, இஸ்ரவேலர் பாலைவனத்தில் தூக்கிக்கொண்டு திரிந்த வழிபாட்டுக் கூடாரத்துக்கு இந்தச் சொல்லைப் போட்டார்கள். தமிழ் வேதாகமத்தில் அது ஆசரிப்புக் கூடாரம். அப்புறம் பீடத்தில் நற்கருணை வைக்கும் பெட்டிக்கும் அதே பெயர் ஏறியது. சிலை நிறுத்தும் விதானமிட்ட மாடத்துக்கும் ஏறியது. புனிதமான ஒன்றை உள்ளே நிறுத்தி வைக்கும் பெட்டி என்ற படிமம் நிலைத்த பிறகு, படகுக்காரர்கள் பாய்மரத்தின் அடியை உள்ளே நிறுத்தும் பெட்டிக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். கடலோடிகள் கோயில் சொற்களை இப்படிக் கூசாமல் எடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதே தபேர்னாவின் இன்னொரு பிள்ளை எங்கள் ஊரிலேயே குடியிருக்கிறது. இலங்கைத் தமிழில் கள்ளுக்கடைக்குத் தவறணை என்று பெயர். ஐரோப்பியர் வழியே வந்து இறங்கிய சொல் அது. போனால் தவறித்தான் விழுவார்கள் என்பதால் தவறணை என்று சின்ன வயதில் யாரோ எனக்கு விளக்கம் சொல்லி, நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆக பீடத்துப் பேழை, கள்ளுத் தவறணை, படகின் பாய்மரப் பெட்டி மூன்றும் ஒரு குடிசையில் பிறந்தவை.

சரி, பாய்மரம் ஏன் சாய வேண்டும்? பாலம்தான் காரணம். நோர்போக் ப்ரோட்ஸ் என்பது ஆறுகளும் ஆழமற்ற ஏரிகளும் பின்னிக் கிடக்கும் நீர்வெளி. ஏரிகள் என்று சொன்னாலும், அவை இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரி மண் வெட்டிய குழிகளில் பிறகு நீர் புகுந்து உண்டானவை. அங்கே சரக்கு ஏற்றிய படகுகளுக்கு வெர்ரி என்று பெயர். ஒரே பெரிய கறுப்புப் பாய், ஒரே மரம், இரண்டு ஆள். பொட்டர் ஹெயம் போன்ற இடங்களில் பாலத்தின் கல்வளைவு தலையில் இடிக்கிற உயரம்தான். நெடிய பாய்மரத்தோடு அந்த வளைவுக்குள் எப்படி நுழைவது?

விடை மரத்தின் அடியில் இருக்கிறது. வெர்ரியின் பாய்மரம் ஆணியோடு முடிவதில்லை. ஆணிக்குக் கீழேயும் நீண்டு, நுனியில் ஈயக் கட்டியைச் சுமக்கும், ஏறக்குறைய ஒன்றரை டன். மேலே நீண்ட மரம், கீழே குட்டையான கனம், நடுவே அச்சு. மரம் பின்னால் சாயும்போது ஈயம் சுமந்த அடி முன்தட்டில் விட்டிருக்கும் திறப்பு வழியாக மேலே எழும்பி வரும். தராசு சமநிலையில் இருப்பதால், அவ்வளவு பெரிய மரத்தை, படகின் முன்முனையான அணியத்துக்கு ஓடும் கயிற்றைத் தளர்த்தியே ஒருவர் இறக்கிவிடலாம். படகு ஓடுகிற வேகத்திலேயே பாயை இறக்கி, மரத்தைச் சாய்த்து, வளைவுக்குள் வழுக்கிப் போய், மறுபக்கம் வந்ததும் நிமிர்த்திவிடுவார்கள். 1898இல் கட்டிய அல்பியன் என்ற வெர்ரி இன்னும் அங்கே இருக்கிறது. 1949இல் தொடங்கிய நோர்போக் வெர்ரி டிரஸ்ட் அதைப் பராமரிக்கிறது. தேம்ஸ் சரக்குப் படகுகளும் மரத்தைச் சாய்த்தவைதான். ஆனால் அவற்றுக்கு ஈயக்கட்டி கிடையாது, கப்பியும் ஆள்பலமும்தான். ரொச்செஸ்டர் பாலத்தடியில் இதற்கென்றே ஹஃப்லர் என்ற கூலிக்காரர்கள் ஏறி உதவினார்கள்.

ட்ரெய்லரில் ஏற்றும் சிறுபடகில் ஈயக்கட்டி வைக்க முடியாது. கார் இழுக்க வேண்டுமே. அதனால் மரத்தின் முழுக் கனமும் கயிற்றில் வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மீட்டர் நீளமும் 20 கிலோ எடையும் உள்ள ஒரு அலுமினிய மரம் படுத்துக் கிடக்கிறது. அணியத்திலிருந்து கயிற்றை நேரே மரத்தின் நுனிக்குக் கட்டி இழுத்தால் என்ன ஆகும்? கயிறும் மரமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் கிடப்பதால், எவ்வளவு இழுத்தாலும் மரம் எழும்பாது, ஆணியைத்தான் நெரிக்கும். அதற்காகத்தான் மரத்தின் அடியில், அணியத்தை நோக்கி, செங்குத்தாக ஒரு கழி வைக்கிறார்கள். ஜின் போல் என்பது அதன் பெயர். குடிக்கிற ஜின் இல்லை. எஞ்சின் என்ற சொல்லின் தலையை வெட்டியது. 2 மீட்டர்க் கழி, அதன் நுனியிலிருந்து அணியத்துக்குக் கயிறு, அணியம் மரத்தின் அடியிலிருந்து 2.5 மீட்டர் முன்னால் என்றால், எழுப்பத் தொடங்கும் கணத்தில் கயிற்றில் விழும் இழுவை ஏறக்குறைய 51 கிலோ. நான்கு மடங்கு கப்பி போட்டால் கைக்கு 13 கிலோவும் உராய்வும்தான். மரம் எழும்ப எழும்ப அது குறைந்துகொண்டே போகும். இறக்கும்போது கதை தலைகீழ்: தொடக்கத்தில் இலகுவாக இருக்கும், கடைசியில் கனக்கும். கைவிட்டுப் போவது அந்தக் கடைசியில்தான்.

ஆனால் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது பக்கவாட்டு ஆட்டம். நிமிர்ந்து நிற்கும்போது மரத்தை இரு பக்கமும் கம்பிகள் இறுக்கிப் பிடித்திருக்கும். அவை படகில் மாட்டியிருக்கும் இடம் ஆணியின் அச்சுக்கோட்டில் இல்லாமல், அதற்குக் கீழேயோ பின்னாலோ இருந்தால், மரம் சாயச் சாயக் கம்பி தொய்ந்துவிடும். பிடி இல்லாத மரம் ஒரு அலை அடித்தால், ஒரு காற்று வந்தால், பக்கமாகச் சரியும். டேபர்நேக்கிளின் கன்னங்கள் மரத்தைப் பிடித்திருப்பது 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டருக்கு மேலே 5 கிலோ தள்ளினால் அடியில் அது 200 கிலோ. எங்கள் படகில் ஒருநாள் இப்படித்தான் ஆயிற்று. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. 'ணங்' என்று ஒன்று. பார்த்தால் விரல் பருமன் ஆணி வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. அதன் பிறகு, ஆணியின் அச்சுக்கோட்டிலேயே இருபக்கமும் வளையம் வைத்து, அங்கிருந்து மரத்தின் நடுவரைக்கும் இரண்டு துணைக்கயிறு கட்டினோம். அவை எந்தக் கோணத்திலும் தொய்யாது.

மற்றவை உங்களுக்கே தெரிந்திருக்கும். சாயும் மரத்தின் கீழ் யாரும் நிற்கக் கூடாது, கம்பி எங்கும் சிக்கியிருக்கக் கூடாது, ட்ரெய்லரின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மரத்தில் கை வைக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். அலுமினிய மரமும் இரும்புக் கம்பியும் மின்சாரத்துக்கு நல்ல பாதை. தலைக்கு மேல் மின்கம்பி ஓடுகிற இடத்தில் மரத்தை எழுப்பவும் வேண்டாம், எழுப்பிய மரத்தோடு ட்ரெய்லரை நகர்த்தவும் வேண்டாம்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பாய்மரத்துக்குப் பழைய பெயர் கூம்பு. புறநானூற்றின் 30ஆம் பாட்டில், புகார்த் துறைக்குள் பெருங்கலம் 'கூம்பொடு மீப்பாய் களையாது' புகுந்தது என்கிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். மரத்தையும் மேற்பாயையும் கழற்றாமலே வந்ததாம். மற்றத் துறைகளில் கழற்றுவது வழக்கம் என்பது அந்த வரிக்குள் ஒளிந்திருக்கும் செய்தி. மதுரைக்காஞ்சியில் கடுங்காற்று அடித்து 'கூம்பு முதல் முருங்க' ஒரு நாவாய் அலைக்கழிகிறது. முதல் என்றால் அடி. மரம் எங்கே முறியும் என்று புலவருக்குத் தெரிந்திருக்கிறது! இன்றைக்குக் கூம்பு என்றால் கணக்குப் புத்தகத்துக் கூம்புதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே மரத்துக்குப் பாய்மரமே இருக்கட்டும். வினைகளை மட்டும் பிரித்துக்கொள்ளலாம்: அடியோடு கழற்றி எடுத்தால் களைதல், ஆணியில் சுழற்றி இறக்கினால் சாய்த்தல், திரும்ப எழுப்பினால் நிமிர்த்தல்.

டேபர்நேக்கிளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பாய்மரக் கூடாரம். படிப்பவர் படகின் மேல் தார்ப்பாய் விரித்திருப்பதாக எண்ணிக்கொள்வார். பாய்மரக்குழி நிலையாக நட்ட மரத்துக்குச் சரி, சாய்கிற மரத்துக்குப் பொருந்தாது. கீல் என்பது கதவுக்கீலை நினைவூட்டும். சின்னப் படகுகளின் தகட்டுக்கு அது போதும், இரண்டு கன்னங்கள் அதில் தெரியவில்லை. நாலைந்து நாள் மண்டையை உடைத்துவிட்டு, ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். படகைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லி முடிக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் கால். நடுவில அச்சு. மரம் அதில ஆடுது. அது ஆடுகால் எல்லோ தம்பி? இதுக்குப் போய்ச் சொல்லுத் தேடுறியோ?"

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில், தண்ணீர் அள்ளும் நெடுமரமான துலாவைத் தாங்கி நின்ற இரண்டு மரங்கள்தான் ஆடுகால். எங்கள் வளவில் அவை பூவரசு. இரண்டுக்கும் குறுக்கே அச்சுலக்கை, அதில் துலா. ஒரு முனையில் துலாக்கொடியும் தண்ணீர் அள்ளும் பட்டையும், மறுமுனையில் பாரம். ஆழக் கிணறாக இருந்தால் துலாவின் மேலே ஆள் ஏறி நடந்து மிதிப்பார். வெர்ரியின் ஈயக்கட்டியைப் பார்த்தபோது எங்கேயோ கண்டது போல இருந்ததற்கு இதுதான் காரணம். நோர்போக்கில் மரத்தைச் சாய்த்தார்கள், எங்கள் ஊரில் தண்ணீர் அள்ளினார்கள்; பொறி ஒன்று.

காலா ஆடுகிறது என்று கேட்கலாம். ஆடுகளம் ஆடுவதில்லை, அதில் மற்றவர்கள் ஆடுகிறார்கள். அப்படித்தான் இதுவும், வினைத்தொகை. துலா வழக்கொழிந்து மோட்டர் வந்துவிட்டதால், சும்மா கிடக்கும் சொல்லை எடுத்துப் படகுக்குக் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. துலாவை ஏற்றம் என்று சொல்லும் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏற்றக்கால் என்று வைத்துக்கொண்டாலும் எனக்குச் சண்டையில்லை. ஆணியை ஆடுகால் ஆணி என்றும், பக்கத் தகடுகளை ஆடுகால் கன்னம் என்றும் சொல்லலாம். ஜின் போலுக்கு எழுப்புகழி.

வளைந்த ஆணிக்குப் பதில் வாங்கிய இரண்டு புது ஆணிகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு, மூடியில் 'ஆடுகால் ஆணி' என்று கறுப்பு மையால் எழுதி வைத்தேன். நண்பருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. போன கிழமை படகை இறக்கும்போது அந்தத் தகரத்தைத்தான் சரியாக எடுத்து நீட்டினார்.