சகதிக்குள் ஒரு ஜோடிக் கண்

இந்தோனேசியாவின் வடக்கு சுலவேசியில், பிதுங் துறைமுகத்துக்கு எதிரே லெம்பே என்றொரு தீவு. நடுவில் ஒடுங்கிய நீரிணை. பவளப்பாறை பார்க்கும் ஆசையில் இறங்குகிறவருக்குச் சப்பென்று ஆகிவிடும். எரிமலை தந்த கறுப்பு மணல், அதன்மேல் வண்டல், பழைய பாட்டில், அறுந்த கயிறு. ஆனால் கேமராவும் கையுமாக உலகெங்கிலுமிருந்து வருகிறவர்கள் இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மக் டைவிங் என்று பெயர். சகதியில் முக்குளிப்பது, அவ்வளவுதான்.

சகதியில் அப்படி என்ன இருக்கிறது? பவளத்திட்டில் ஆபத்து வந்தால் நுழைந்துகொள்ள ஆயிரம் பொந்து. வெட்டவெளி மணலில் ஒன்று புதைய வேண்டும், இல்லையென்றால் மறைவிடத்தை உடம்போடு கொண்டு திரிய வேண்டும். இங்குள்ள ஒருவகை ஆக்டோபஸ் (நம் மீனவர்களுக்கு இது பேய்க்கணவாய்) நிஜமாகவே கொண்டு திரிகிறது. பாதித் தேங்காய்ச் சிரட்டையை அடியில் அணைத்துக்கொண்டு, கைகளை விறைப்பாக ஊன்றித் தத்தித் தத்தி நடக்கும். பயம் வந்தால் உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். 2009இல் இதை ஆய்வாளர்கள் எழுதியபோது, முதுகெலும்பில்லாத உயிர் கருவியைக் கையாள்கிறதா என்று பெரிய விவாதமே நடந்தது.

எனக்குப் பிடித்தது தவளைமீன்தான். மயிரடர்ந்த வகை ஒன்று உண்டு; உள்ளங்கையில் அடங்கிவிடும், பாசி பிடித்த பஞ்சுபோல இருக்கும். நீந்துவதில் பெரிய நாட்டமில்லை, துடுப்பை ஊன்றி நடக்கும். முதுகுத் துடுப்பின் முதல் முள் அதற்குத் தூண்டில். நுனியில் புழு மாதிரி ஒரு சதை. அதை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ஏமாந்த மீன் கிட்டே வந்ததும் வாய் விரியும். வாயின் கொள்ளளவு ஏறக்குறைய 12 மடங்கு பெருக, உள்ளே அழுத்தம் சட்டென்று குறைகிறது. தண்ணீர் பாய்கிறது, மீனும் அதோடு போகிறது. மொத்தமே சுமார் 6 மில்லி விநாடி. நாம் ஒருமுறை கண் சிமிட்ட இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஆகும்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெறும் மணலில் துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் சந்தேகத்துக்குரியது. குச்சி, கல், பஞ்சுயிரி, எல்லாமே. மீன் தேடாதீர்கள், கண்ணைத் தேடுங்கள். தோலை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்; பார்க்க வேண்டிய கண்ணை முழுக்க ஒளிப்பது கஷ்டம். அப்புறம் மூச்சு. தவளைமீன் அதிலும் கெட்டிக்காரத்தனம் செய்கிறது. பெரிய செவுள் மூடி அசைந்து காட்டிக்கொடுக்காதபடி, பக்கத் துடுப்புக்குப் பின்னாலுள்ள சின்னத் துளை வழியாக நீரை வெளியேற்றுகிறது. அந்தத் துளை தெரிந்துவிட்டால், அதுவரை பஞ்சுயிரியாக இருந்தது மீனாகிவிடும்.

முக்குளிக்கும்போது காலில் மாட்டிய துடுப்பை ஒருமுறை கீழ்நோக்கி உதைத்தால் வண்டல் எழும்பிவிடும். உங்களுக்கும் தெரியாது, பின்னால் வருகிறவருக்கும் தெரியாது. அதனால் உடம்பு மிதக்கும் மட்டத்தைச் சரியாக நிறுத்தி, முழங்காலை மடக்கித் தவளை மாதிரி உதைக்க வேண்டும். வழிகாட்டிகள் மெல்லிய உலோகக் கோல் வைத்திருப்பார்கள். மணலில் ஊன்றி நிற்கவும் சுட்டிக்காட்டவும்தான் அது. படத்துக்காக உயிர்களைக் குத்தித் திருப்புகிறவர்களும் உண்டு. கடல்குதிரை, தவளைமீன் போன்றவற்றை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், கேமராவின் ஃபிளாஷைவிடத் தொட்டு நகர்த்துவதுதான் அவற்றை அதிகம் கலவரப்படுத்தியது.