‘பொதுக் கொள்கை’யில் பொது எங்கே இருக்கிறது?

“சிறு வணிகங்களுக்கும் வரி செலுத்துவோருக்குமான எங்கள் பொதுக் கொள்கை முன்னுரிமைகள்.” தொழில்நுட்ப நிறுவனங்களின் அறிவிப்புகள் தமிழுக்கு வரும்போது இப்போதெல்லாம் இந்த அச்சில்தான் வருகின்றன. பப்ளிக் என்றால் பொது, பாலிசி என்றால் கொள்கை, பிரயாரிட்டி என்றால் முன்னுரிமை. மூன்றையும் வரிசையாக ஒட்டிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆங்கிலம் தெரியாத ஒரு கடைக்காரர் இதைப் படித்தால் என்ன புரிந்துகொள்வார்? எல்லோருக்கும் பொதுவாக ஏதோ ஒரு கொள்கை வருகிறது, அதில் சிறு வணிகருக்கு முன்னுரிமை தரப்போகிறார்கள் என்றுதான் புரிந்துகொள்வார். சொல்லவந்த செய்தியோ வேறு. அரசு எந்தச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்று அந்த நிறுவனம் விரும்புகிறதோ, அதன் பட்டியல் அது.

முதலில் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘பப்ளிக்’, ‘மக்களுக்குரிய’ என்று பொருள்படும் ‘பப்ளிகஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘பாலிசி’க்கு மூலம் நகர அரசைக் குறிக்கும் ‘பொலிஸ்’ என்ற கிரேக்கச் சொல். ஆட்சி நடத்தும் முறை என்ற பொருளோடு லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. போலீஸ் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆனால் எல்ஐசி பாலிசியில் வரும் ‘பாலிசி’க்கும் இதற்கும் உறவே கிடையாது. அது சான்று, அத்தாட்சி என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்லில் தொடங்கி, இத்தாலிய வணிகர்களின் ‘பொலிட்சா’ என்ற பற்றுச்சீட்டு வழியாக வந்தது. ஒலி ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். இது தெரியாமல் ‘ஆயுள் காப்பீட்டுக் கொள்கை’ என்று எழுதுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒரு சீட்டை, ஓர் ஒப்பந்தப் பத்திரத்தைக் கொள்கை ஆக்கிவிட்டார்கள். ‘பாலிசி’ என்றே எழுதினால் தமிழ் ஒன்றும் கெட்டுவிடாது. காப்பீட்டுப் பத்திரம் என்றாலும் சரி. காப்பீட்டுக் கொள்கை என்பது மட்டும் பிழை.

தமிழ்ப் பக்கம் வருவோம். கொள்கை என்பது ‘கொள்’ என்ற வினையில் பிறந்தது. மனத்தில் கொண்டது, விடாமல் பிடித்துக்கொண்டது. “ஏந்திய கொள்கையார் சீறின் இடைமுரிந்து வேந்தனும் வேந்து கெடும்” என்ற குறளில் (899) வரும் கொள்கை, பெரியோர் தாங்கி நிற்கும் உயர்ந்த நோன்பையும் நெறியையும் குறிக்கிறது. கட்சிகளில் ‘கொள்கை பரப்புச் செயலாளர்’ என்ற பதவியில் இருப்பதும் இந்தப் பொருள்தான். பிறகு ஆட்சி மொழியில் இருமொழிக் கொள்கை, தொழிற்கொள்கை என்று அரசு வகுத்துக்கொண்ட வழிமுறைக்கும் அதே சொல் பொருந்திவிட்டது. சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் வைக்கும் ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே அரசின் பாலிசிக்குக் கொள்கை என்பதில் எனக்கு வழக்கு இல்லை.

என் வழக்கு ‘பொது’வோடுதான்.

பொது என்றால் பலருக்கும் உரியது. ஒருவருக்கே உரியதாக இருந்தால் அது பொது ஆகாது. புறநானூற்றின் எட்டாம் பாட்டில் கபிலர் சேரமானைப் பாடும்போது “போகம் வேண்டிப் பொதுச்சொல் பொறாஅது” என்கிறார். இந்த உலகம் மற்ற மன்னர்களுக்கும் பொது என்று சொல்லும் சொல்லைக் கேட்கப் பொறுக்காதவனாம் அந்த அரசன். பொது என்று ஒருவர் சொன்னாலே தன் உரிமை குறைகிறது என்று ஓர் அரசனுக்கு உறைத்திருக்கிறது என்றால், அந்தச் சொல்லுக்கு எத்தனை கனம் இருந்திருக்க வேண்டும்!

பின்னால் இந்தச் சொல்மேல் இரண்டு சுமைகளை ஏற்றினோம். பொதுத்துறை, பொதுப்பணித்துறை என்று ‘பப்ளிக்’குக்கும் அதுவே. பொதுத்தேர்தல், பொதுச்செயலாளர், பொது அறிவு, பொது மருத்துவம் என்று ‘ஜெனரல்’லுக்கும் அதுவே. பழகிய தொடர்களில் குழப்பம் வராது. புதிதாக ஒரு தொடரைச் செய்யும்போதுதான் சிக்கல். ‘பொதுக் கொள்கை’ என்றவுடன் தமிழ்க் காதில் முதலில் விழுவது பொதுவான கொள்கை, சிறப்பான ஒன்றுக்கு எதிரான கொள்கை என்பதுதான். கூட்டணிக் கட்சிகளுக்கு இடையே ஒரு பொதுக் கொள்கை இருக்கலாம். ஆங்கிலத்தில் பப்ளிக் பாலிசி என்பதோ, அரசு வகுக்கும் கொள்கை. அப்படியானால் ‘அரசுக் கொள்கை’ என்று சொன்னால் போதும்.

“பப்ளிக்கை அரசு என்று மாற்றலாமா?” என்று கேட்பவர்களுக்கு நம் நீதிமன்றத்தையே காட்டுவேன். பப்ளிக் பிராசிக்யூட்டர் தமிழில் அரசு வழக்கறிஞர். பொது வழக்கறிஞர் என்று யாராவது சொல்கிறார்களா? இலங்கைத் தமிழர்கள் அரச துறை, அரச ஊழியர் என்றே எழுதுகிறார்கள். செய்பவர் யார் என்பதைச் சொல்லிலேயே காட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நல்ல பழக்கம்.

இதைவிட மோசமான ஒரு போட்டிச் சொல்லும் உலவுகிறது: ‘பொதுநலக் கொள்கை’. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொதுக் கொள்கை மங்கலானது, அவ்வளவோடு நின்றுவிடுகிறது. பொதுநலக் கொள்கையோ தீர்ப்பையே எழுதிவிடுகிறது. ஒரு சட்டம் நல்லதா கெட்டதா என்று மக்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே, அது பொதுநலம்தான் என்று பெயரிலேயே முத்திரை குத்திவிடுகிறது. அரசின் திட்டத்துக்கே அந்த முத்திரையை முன்கூட்டித் தரக்கூடாது. ஒரு நிறுவனம் தனக்கு வேண்டும் என்று கேட்பதற்குத் தரலாமா?

உதாரணத்துக்கு அமெரிக்காவின் இன்ட்யூட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1983-ல் தொடங்கியது. வரிக் கணக்கு தாக்கல் செய்ய உதவும் டர்போடாக்ஸ், சிறு தொழில்கள் கணக்கு எழுதும் குவிக்புக்ஸ் இரண்டும் அதனுடையவை. அந்த நாட்டில் வரிக் கணக்கைத் தயாரித்துத் தருவது பெரிய வணிகம். 2002-ல் அமெரிக்க வரித்துறையும் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கு நிறுவனங்கள் இலவச சேவை தரும். வரித்துறை தானே அந்தச் சேவையில் இறங்காது. இறங்கமாட்டோம் என்ற உறுதிமொழி 2019 கடைசியில்தான் நீக்கப்பட்டது. இன்ட்யூட் 2021-ல் அந்தக் கூட்டமைப்பிலிருந்து விலகியது. இலவசமாகத் தாக்கல் செய்யத் தகுதி இருந்தும் பணம் கட்ட வைக்கப்பட்டவர்கள் சுமார் 44 லட்சம் பேர் என்று 50 மாநிலங்களும் தொடுத்த நடவடிக்கையில், தவறை ஒப்புக்கொள்ளாமல், 14.1 கோடி டாலர் தர 2022-ல் உடன்பட்டது.

பிறகு வரித்துறையே ‘டைரக்ட் ஃபைல்’ என்ற இலவச சேவையை 2024-ல் 12 மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு 25 மாநிலங்களுக்கு விரிந்தது. 2026-ல் அது கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். இந்தச் சேவையை இன்ட்யூட் வெளிப்படையாகவே எதிர்த்துவந்தது. வரியை வசூலிப்பவரே கணக்கையும் எழுதித் தருவது முரண், இலவச வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன, இது வரிப்பணத்துக்குக் கேடு என்பவை அதன் வாதங்கள். அரசே இத்துறையில் இறங்குவது தன் வணிகத்துக்கு ஆபத்து என்று பங்குதாரர்களுக்கான ஆண்டறிக்கைகளிலும் அது எழுதியிருக்கிறது. வருமான வரித் துறையின் இணையதளத்தில் காசு கொடுக்காமல் கணக்கு தாக்கல் செய்யும் இந்திய வாசகருக்கு இந்தச் சண்டையே விசித்திரமாக இருக்கும்.

இந்த நிலைப்பாடு சரியா தவறா என்பது இங்கே கேள்வி இல்லை. எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. வாசகருக்கு வேறு இருக்கலாம். ஆனால் அந்த நிலைப்பாட்டைத் தமிழில் ‘பொதுக் கொள்கை’ என்று எழுதினால், அந்த நிறுவனம் இந்த வழக்கில் ஒரு தரப்பு மட்டுமே என்பதே மறைந்துபோகிறது. டைரக்ட் ஃபைல் வேண்டும் என்றவர்களும் மக்கள்தான். அவர்கள் கேட்டது பொது இல்லையா? மொழிபெயர்ப்பவர் தெரிந்தோ தெரியாமலோ ஒரு தரப்புக்குப் ‘பொது’வைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்.

நிறுவனம் கேட்பதெல்லாம் மக்களுக்கு எதிரானது என்றும் நான் சொல்லவில்லை. இணையத்தில் பொருள் விற்பவர் ஆண்டுக்கு 600 டாலர் பெற்றாலே பணப்பரிமாற்ற நிறுவனம் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2021-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. பழைய பொருளை விற்றவர்கள்கூட அதில் மாட்டியிருப்பார்கள். இணைய வணிக நிறுவனங்கள் சில சேர்ந்து எதிர்த்தன. வரித்துறை நடைமுறையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. 2025-ல் 20,000 டாலர், 200 பரிமாற்றங்கள் என்ற பழைய வரம்புக்கே திரும்பினார்கள். அங்கே நிறுவனத்தின் நலனும் சிறு விற்பனையாளரின் நலனும் ஒன்றாக இருந்தன. அப்போதும் நிறுவனங்கள் செய்தது அரசிடம் கேட்டதுதான்.

கேட்பதற்குத் தமிழில் சொல் இல்லையா என்ன? பட்ஜெட்டுக்கு முன்னால் வணிகர் சங்கங்களும் பின்னலாடை, தீப்பெட்டி உற்பத்தியாளர்களும் அமைச்சரைப் பார்த்து வரியைக் குறைக்கச் சொல்கிறார்கள். நாளிதழ் அதைக் ‘கோரிக்கை’ என்று எழுதுகிறது. அதே வேலையை ஒரு மென்பொருள் நிறுவனம் செய்தால் அது ‘பொதுக் கொள்கை முன்னுரிமை’ ஆகிவிடுகிறது. தீப்பெட்டிக்காரர் கேட்டால் கோரிக்கை, கணினிக்காரர் கேட்டால் கொள்கை. இந்தப் பாகுபாட்டை ஆங்கிலம் நம்மீது திணிக்கவில்லை. நாமே செய்துகொள்கிறோம்.

ஆகவே என் பரிந்துரை: அரசு வகுப்பது அரசுக் கொள்கை. அதைப் பற்றி ஒரு நிறுவனம் அரசிடம் கேட்பது கொள்கைக் கோரிக்கை. ‘முன்னுரிமை’யையும் விட்டுவிடலாம், அதில் உரிமை என்ற சொல் இருப்பதால் யாருக்கோ ஏதோ சலுகை என்ற மயக்கம் வருகிறது. முதன்மைக் கோரிக்கைகள் என்றால் வேலை முடிந்தது. தொடக்கத்தில் சொன்ன தலைப்பு இப்படி ஆகும்: “சிறு வணிகர், வரி செலுத்துவோர் தொடர்பாக அரசிடம் எங்கள் முதன்மைக் கோரிக்கைகள்.” யார், யாரிடம், எதைப் பற்றி என்ற மூன்றும் தெரிகின்றன.

கோரிக்கை என்றால் மனு கொடுத்துக் கெஞ்சுவது போல இருக்கிறது, பெரிய நிறுவனங்களின் மதிப்புக்கு ஒவ்வாது என்று ஒரு மறுப்பு வரும். தொழிற்சங்கங்கள் கோரிக்கை வைத்துத்தான் வேலைநிறுத்தம் செய்கின்றன. அதில் கெஞ்சல் எங்கே இருக்கிறது? ‘நிலைப்பாடு’ என்று எழுதலாமே என்பார்கள். அறிக்கை வெறும் கருத்தாக இருந்தால் எழுதலாம். ஆனால் இன்ட்யூட் மட்டும் 2023-ல் 30 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துச் சட்டமியற்றுவோரை அணுகியிருக்கிறது. 1995-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தச் செலவை அங்கே கணக்குக் காட்டியாக வேண்டும். அத்தனை பணம் செலவழித்து முன்வைப்பதை நிலைப்பாடு என்று சொன்னால் பொருள் பாதிதான் வந்து சேரும்.

‘பொது’ பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ம் பிரிவு, பப்ளிக் பாலிசிக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அங்கே பேசப்படுவது அரசின் திட்டம் இல்லை, சமூகத்துக்குக் கேடு வரக்கூடாது என்ற நெறி. அதைப் ‘பொதுநல நெறி’ எனலாம். பல்கலைக்கழகப் பாடமாக வருவது அரசுக் கொள்கையியல். நிறுவனங்களில் அமைச்சகங்களோடு பேசுவதற்கென்றே இருக்கும் ‘பப்ளிக் பாலிசி’ பிரிவுக்கு, அது செய்கிற வேலையை வைத்து ‘அரசுத் தொடர்புப் பிரிவு’ என்று பெயர் எழுதலாம்.