பழைய ஆட்டோஹார்ப் கையில் கிடைத்தால் முதலில் கம்பியை முறுக்காதீர்கள்

போன கத்திரி வெயிலில் காட்பாடியிலிருந்து ஓர் அம்மா என் பட்டறைக்கு வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார். "தம்பி, இது சுவர்மண்டலா? எங்க தாத்தா மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியார். ஊருக்குத் திரும்பிப் போன அமெரிக்கக்காரம்மா ஒருத்தர் கொடுத்துட்டுப் போனதாம். பேரன் நெட்ல பார்த்துட்டு லட்ச ரூபா போகும்ங்கிறான். காயலான் கடைக்காரர் ஐந்நூறு தர்றேங்கிறார். எது சரி?"

பிரித்துப் பார்த்தேன். ஆட்டோஹார்ப், பட்டையை அழுத்தி மீட்டும் ஒரு கம்பி வாத்தியம். பேரன் ஆசைப்பட்டு எல்லாக் கம்பியையும் சுருதிக்கு ஏற்றப் பார்த்திருக்கிறான். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் சட்டம் பெட்டியிலிருந்து ஒரு நூல் அளவு பிளந்து எழும்பியிருந்தது. இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த ஆட்டோஹார்ப்புகள் நான்குதான். அவற்றில் மூன்று இதே மாதிரி பிளந்து வந்தவை. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பார்க்க, இந்துஸ்தானிப் பாடகர்கள் மீட்டிக்கொண்டே பாடும் சுவர்மண்டல் போலத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. கம்பிகளுக்குக் குறுக்கே மரப்பட்டைகள் இருக்கும், அவற்றின் அடியில் ஃபெல்ட் என்ற தடித்த கம்பளித் துண்டுகள். உதாரணத்துக்கு, ஒரு பட்டையை அழுத்தினால் ச, க, ப தவிர மற்றக் கம்பிகளையெல்லாம் ஃபெல்ட் தொட்டு ஊமையாக்கிவிடும். கையை மொத்தமாக இழுத்தாலும் அந்த மூன்று சுரங்கள் மட்டும் சேர்ந்து ஒலிக்கும். வாசிக்கத் தெரியாதவர்கூடப் பாட்டுக்குத் துணை வாசிக்க முடிந்ததால், பள்ளிக்கூடங்களிலும் ஜெபக்கூட்டங்களிலும் இதற்கு இடம் கிடைத்தது. அமெரிக்க ஆற்காடு மிஷன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய பகுதி நம்முடையது. இந்தப் பக்கத்துப் பழைய வீட்டுப் பரண்களில் இப்படி ஒன்று அகப்பட்டால் ஆச்சரியமில்லை.

இப்போது பிளவு விஷயத்துக்கு வருகிறேன். இன்று பரவலாக உள்ள ஆட்டோஹார்ப்பில் 36 கம்பிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக இழுக்கும் இழுப்பைச் சேர்த்தால் சில நூறு கிலோ வரும். அத்தனையையும் தாங்குவது ஒட்டிய மரச்சட்டம். பழைய பெட்டிகளை ஒட்டியது வச்சிரத்தில், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசையில். தோல் பதனிடும் ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வச்சிரம் பலமான பசைதான், ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகிவிடும். 40 டிகிரியைத் தாண்டும் நம் கோடையில் தளத்துக்கு அடியில் பரணிலும், ஐப்பசி கார்த்திகை ஈரத்திலும் மாறி மாறி எத்தனையோ வருடம் கிடந்த பெட்டி அது. அதை ஒரே மாலையில் முழுச் சுருதிக்கு ஏற்றினால் ஒட்டு விடாமல் என்ன செய்யும்?

ஆகவே கிடைத்ததும் முதல் வேலை, கம்பியைத் தளர்த்துவது. அதையும் ஒரு ஓரத்திலிருந்து மளமளவென்று செய்யக்கூடாது. கம்பி சுற்றியிருக்கும் எல்லாப் பின்களையும் கால் சுற்று, மறுபடி ஒரு கால் சுற்று என்று சமமாக இறக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்த கம்பி அறுந்தால் நேரே கண்ணுக்குத்தான் வரும். குறட்டால் திருகினால் பின்னின் சதுரத் தலை மழுங்கிவிடும், அதற்கான சாவியே வேண்டும். பின் இறுகியிருக்கிறது என்று தையல் மெஷின் எண்ணெய் விடுகிறார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், விடாதீர்கள். எண்ணெய் ஊறிய மரம் அப்புறம் பின்னைப் பிடிக்காது. எந்தப் பழுதையும் எப்படியாவது சரிசெய்துவிடலாம், இதை மட்டும் சரிசெய்வது பெரும்பாடு.

பிளவில் சூப்பர் குளூ விடுவதும் அப்படித்தான். வச்சிர ஒட்டைச் சூடுகாட்டிப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டி கிளாம்ப் போடலாம். சூப்பர் குளூ போன இடத்தைப் பிரித்தால் மரம் நாராகக் கிழிந்து வருகிறது. ஃபெல்ட்டைப் பூச்சி அரித்திருந்தால் உடனே பிய்த்து எறியாதீர்கள். எந்தக் கம்பிக்கு நேரே ஃபெல்ட்டில் வெட்டு, எந்தக் கம்பிக்கு நேரே ஃபெல்ட் என்று ஒரு காகிதத்தில் பட்டை பட்டையாக வரைந்து வையுங்கள். அந்த வரைபடம் இல்லாவிட்டால் பட்டைகள் தப்பான சுரத்தைத் திறந்துவிடும். பாலிஷ் போட நினைத்து உப்புத்தாள் தேய்க்கவும் வேண்டாம், பொன்னெழுத்து போய்விடும்.

சரி, விலை? துவாரத்துக்குள் மொபைல் டார்ச் அடித்து லேபிளைப் பார்க்கச் சொன்னேன். பேரன் அதை முன்பே பார்த்திருந்தான். 1882 என்று இருந்ததால் வாத்தியம் அந்த வருடத்தியது என்று நம்பியிருந்தான். அது சார்லஸ் சிம்மர்மன் என்பவர் பிலடெல்ஃபியாவில் காப்புரிமை வாங்கிய வருடம். அவர் பெயரிலான ஆட்டோஹார்ப்புகள் விற்பனைக்கு வந்ததே 1885-இல்தான். அம்மாவின் பெட்டியில் டால்ஜ்வில் என்ற ஊர்ப்பெயரும் இருந்தது. தொழில் நியூயார்க் மாகாணத்தின் அந்த ஊருக்கு மாறியது 1890-களின் தொடக்கத்தில், அதனால் இது அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இந்த வகை லட்சக்கணக்கில் விற்றது. அமெரிக்காவிலேயே சாதாரண மாடலுக்குக் கிடைக்கும் பணம் பல சமயம் பழுதுபார்க்கும் கூலிக்குக்கூடக் காணாது. நெட்டில் பேரன் பார்த்தது விற்பவர் கேட்ட விலை, விற்றுப்போன விலை அல்ல. வாசிக்கவே வாங்குபவர்கள் 15 அல்லது 21 பட்டை உள்ள பிற்காலத்து ஆஸ்கர் ஷ்மிட் கம்பெனிப் பெட்டிகளைத்தான் தேடுகிறார்கள், அதுவும் சட்டம் கோணாமல் இருந்தால். நான் விலை சொல்லும்போது வயதைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஒட்டில் காகிதம் நுழைகிறதா, முதுகுப்பலகை வளைந்திருக்கிறதா, பின் சுருதியைப் பிடித்து நிற்கிறதா என்பவைதான் முதலில்.

வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு வருடத்தைத் தாண்டிய பொருட்களுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. பார்சல் கட்டுவதற்கு முன்னால் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். செலவு விலையைத் தாண்டும் என்பதையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்கம்மா இதை வாசிச்சுத்தான் எங்களைத் தூங்கவைப்பாங்க தம்பி. விக்கறதுக்கில்ல, செய்யுங்க" என்றார்.

சட்டத்தைப் பிரித்து வச்சிரத்திலேயே ஒட்டி, பத்து நாள் நிழலில் வைத்தேன். புதுக் கம்பி போட்டு, மூன்று சுரம் தாழ்த்தியே நிறுத்தி, வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வருகிறேன். ஒட்டு அசையவில்லை. கீழ் ஸ்தாயியின் சுருள் கம்பி நான்கு மட்டும் வெளியூரிலிருந்து தபாலில் வர வேண்டும். பேரன் சனிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து, சாவியை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துவிட்டுப் போகிறான்.