தேன் நெல்லி ஏன் பொங்குகிறது?

மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று ஒரு சத்தம். நுரை பொங்கி மேசையில் வழிந்தது. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்திருந்த சுயஉதவிக் குழு அக்கா, பரணியைப் பிடித்தபடியே கேட்டார்: "தேன் கெடாதுன்னுதானே சார் சொல்லுவாவ?"

மார்த்தாண்டத்தைச் சுற்றி வீட்டு உணவுப் பதப்படுத்தல் பயிற்சி கொடுத்து வருகிறேன். வருடம் தவறாமல் இந்தக் கேள்வி வரும்.

தேன் கெடாமல் இருப்பது தண்ணீர் குறைவு என்பதால்தான். முதிர்ந்து, தேனீ மெழுகால் மூடிய அடையிலிருந்து எடுத்தால் 100-க்கு 20 பங்குக்குள் ஈரம் இருக்கும். சட்டம் வைத்திருக்கும் வரம்பும் அதுவே. அந்த அடர்த்தியில், புளிக்கவைக்கும் கிருமியான ஈஸ்ட் லேசில் தலைதூக்காது. நெல்லிக்காயோ எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ தேனில் ஒரு கிலோ பச்சை நெல்லியைப் போட்டால், தேன் அந்தத் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். கணக்குப் போட்டால் பரணிக்குள் பாதிக்குப் பாதி தண்ணீர். அப்புறம் அது தேன் இல்லை, பானகம். அதில் ஈஸ்ட் பெருகி வாயு விடும், நுரை பொங்குவது அதனால்தான். அக்காவின் பரணியிலிருந்து ஒரு சொட்டை, இனிப்பு அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தேன்: இனிப்பு 100-க்கு 52 பங்குதான்.

நம்ம ஊர்த் தேனுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே வருவது பெரும்பாலும் ரப்பர் தேன். பூவில் இருந்து அல்ல, தளிர் இலையின் காம்பில் சுரக்கும் இனிப்பில் இருந்து தேனீ எடுப்பது. அவசரப்பட்டு மூடாத அடையைக் கருவியில் சுழற்றித் தேன் எடுத்தால் ஈரம் 20-ஐத் தாண்டிவிடும். அதில் நெல்லியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். (ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். உடனே 'சீனிப்பாகு' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.)

அக்காவுக்குச் சொன்ன வழி இதுதான். நெல்லியை ஆவியில் வேகவைத்துச் சுளை பிரித்து, கொட்டையை எடுத்துவிட்டு, சுருங்கும்வரை இரண்டு நாள் வெயில் காட்ட வேண்டும். பிறகு தேன். நாலு நாளில் தேன் நீர்த்திருக்கும். அதை வடித்து எலுமிச்சைச் சாற்றுக்கு வைத்துக்கொண்டு, புதுத் தேன் ஊற்ற வேண்டும். தேன் நீர்க்காமல் நிற்கும்வரை இப்படியே. செலவு பிடிக்கும்தான். ரோட்டோரக் கடையில் விலை மலிவான 'தேன் நெல்லி' பல நேரம் சர்க்கரைப் பாகாக இருப்பதும் அதனால்தான்.

வாசனைத் தேனுக்கும் இதே கதை. பச்சை இஞ்சிக்குப் பதில் சுக்கு, இல்லையென்றால் ஏலம், கிராம்பு, பட்டை. எல்லாம் காய்ந்ததாக இருக்கட்டும். கால் கிலோ தேனுக்கு விரல் நீளப் பட்டை ஒன்று போதும், இரண்டு வாரத்தில் மணம் இறங்கிவிடும். காந்தாரி மிளகாய்தான் என்றால் கழுவித் துடைத்து, நிழலில் வாடவிட்டுப் போட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள். சீக்கிரம் மணம் வரட்டும் என்று தேனைக் கொதிக்கவிடாதீர்கள். அதன் சொந்த மணம் ஓடிவிடும்.

பூண்டுத் தேன் மட்டும் நான் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. தேனில் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் தூங்கிக்கொண்டிருக்கலாம். பூண்டுக்குப் புளிப்பும் போதாது. அது நீர் விட்டுத் தேன் நீர்த்து, காற்றுப் புகாத மூடியும் அமைந்தால் வித்து முளைத்து நஞ்சு கக்க வழியாகிவிடும். மணத்திலும் ருசியிலும் தெரியாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கூடாது என்பதும் இதே வித்துகளால்தான். சேனை வைக்கிறேன், வசம்பைத் தேனில் உரசி நாக்கில் தொட்டு வைக்கிறேன் என்று பாட்டி கிளம்பினால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

ஜாம் விஷயத்தில் நானே சூடுபட்டவன். முதல் தடவை அன்னாசி ஜாமில் சீனிக்குப் பதில் அதே எடைக்குத் தேனை ஊற்றி அடுப்பில் வைத்தேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மிச்சம் கருப்பட்டி நிறத்தில் கசந்தது. இப்போது பழக்கூழைத் தனியாகக் கெட்டியாகச் சுண்டவைத்து, கடைசியில்தான் தேன் சேர்க்கிறேன். சின்ன பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடுவோம்.

அக்காவின் பரணியில் இருந்ததை வாழை மூட்டில் கொட்டினோம். பரணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் நெல்லி வாங்கச் சந்தைக்குப் போனார். மறுநாள் வரை அந்த இடத்தை விட்டு எறும்பு போகவில்லை.