கூட்டத்தில் சேர்ந்துகொள்ளவும் ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும்

புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருவது என் தொழில். வருகிறவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் தடங்கலே இல்லாமல் சொல்வார்கள், நேர்காணலுக்காகக் கல்லூரியிலேயே மனப்பாடம் ஆகியிருக்கும். ஆனால் அலுவலகத்தில் நாலு பேர் டீ குடிக்க எழுந்தால், கூடப் போவதற்கு ஒரு வரி வாயில் வராது. போனைப் பார்ப்பதுபோல உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் மற்றவர்களும், இவருக்குத் தனியாக இருக்கத்தான் பிடிக்கும்போல என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஆறு படிகள் உண்டு. அதில் ஒருவரை அழைப்பதும் அழைப்புக்குப் பதில் சொல்வதும் இரண்டாவது படியான ஏ2-விலேயே வந்துவிடுகிறது. நாம் அதை விட்டுவிட்டு இலக்கணப் பயிற்சியிலேயே வருடங்களைக் கழிக்கிறோம், எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சேர்ந்துகொள்ள 'கேன் ஐ ஜாயின் யூ?' போதும். நம்மவர்கள் 'உங்களோடு' என்று நினைத்து 'ஜாயின் வித் யூ' என்பார்கள், அந்த வித் வேண்டாம். பார்ட்டிசிபேட் நேர்மாறு, போட்டியின் பெயருக்கு முன்னால் 'இன்' கட்டாயம் வேண்டும். அப்புறம், வெளிநாட்டுக்காரரை விளையாடக் கூப்பிடும்போது 'ஷட்டில்' என்றால் அவருக்குப் பேருந்து நினைவுக்கு வரலாம், பேட்மின்டன் என்றே சொல்லுங்கள்.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது 'டு யூ மைண்ட் இஃப் ஐ ஜாயின் யூ?' என்ற கேள்வியில்தான். 'நான் சேர்ந்துகொண்டால் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?' என்பதுதான் இதன் பொருள். ஆசையாக 'யெஸ்' என்று மட்டும் சொன்னால் ஆட்சேபணை உண்டு என்று ஆகிவிடும், கேட்டவர் முகம் சுருங்கிப் போய்விடுவார், இவருக்கோ ஏன் போனார் என்றே புரியாது. 'நாட் அட் ஆல், ப்ளீஸ் டு' என்பதை அப்படியே பழக்கிக்கொள்ளுங்கள். யாராவது திட்டம் போடும்போது 'கவுண்ட் மீ இன்' என்றால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். 'சிப் இன்' என்றால் பிறந்தநாள் கேக்குக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவது, 'பிட்ச் இன்' என்றால் கைகொடுத்து வேலையில் இறங்குவது.

வர முடியாதபோதும் வார்த்தை வேண்டும். தமிழில் 'நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க' என்பதில் அந்த 'ங்க' மரியாதையைப் பார்த்துக்கொள்கிறது. அதையே 'ஐ ஆம் நாட் கமிங், யூ கோ' என்றால் விரட்டுவதுபோலக் கேட்கும், ஏனென்றால் ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு மரியாதை வராது, வுட், குட், லவ் டு போன்ற சொற்களைச் சேர்த்துத்தான் அதைக் கொண்டுவர வேண்டும். 'ஐ'ட் லவ் டு, பட் ஐ ஹேவ் டு ஃபினிஷ் திஸ்' என்று காரணத்தோடு சொல்லி, கூடவே 'மேபி டுமாரோ?' என்று கேட்டுவிடுங்கள், நாளைக்கும் கூப்பிடுவார்கள்.

ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து மேசையில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், எழும்போது நீங்களே 'வாண்ட் டு ஜாயின் அஸ்?' என்று கேளுங்கள், தமிழ் தெரிந்தவர் என்றால் 'டீக்கு வர்றீங்களா?' என்றே கேட்கலாம். முதல்முறை மறுத்தாலும் அடுத்த நாளும் கேளுங்கள்.