நுனி வரை மரம்: ஒரு பழைய மான்லிக்கர் ரைஃபிளை எடை போடுவது எப்படி

ஆஸ்திரியாவில் இருக்கும் என் நண்பருக்கு மாமனார் வழியாக ஒரு பழைய வேட்டை ரைஃபிள் வந்து சேர்ந்தது. அதைச் சுடலாமா, என்ன விலை பெறும் என்று கேட்க ஒரு துப்பாக்கிப் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பட்டறைக்காரர் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் இரும்புத் தாழ்ப்பாளை, இழுத்துத் தோட்டா ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு என் கையில் கொடுத்தார். மூன்று கிலோ அளவுதான் எடை. மொத்த நீளம் ஒரு மீட்டர். வால்நட் கட்டை பாதியில் நிற்காமல் குழலின் நுனி வரை ஓடி, அங்கே ஒரு சின்ன இரும்புத் தொப்பிக்குள் முடிந்திருந்தது. இந்த உருவத்தை ஜெர்மன் பேசும் ஊர்களில் ‘ஷ்டுட்சன்’ என்பார்கள்.

இது மான்லிக்கர்-ஷோனவர், 1903 மாடல். ஃபெர்டினாண்ட் மான்லிக்கரும் ஓட்டோ ஷோனவரும் உருவாக்கியது, ஸ்டைர் நகரத் தொழிற்சாலையில் செய்தது. இதே ஏற்பாட்டைக் கொண்ட ராணுவ ரைஃபிளைக் கிரேக்கப் படை எடுத்துக்கொண்டது. வேட்டைக்காரர்களுக்குக் கிடைத்தது 450 மி.மீ. குழல் கொண்ட இந்தக் குட்டைத் துப்பாக்கி. அப்புறம் 1905, 1908, 1910 மாடல்கள் பெரிய தோட்டாக்களுக்காக வந்தன. ஆல்ப்ஸ் மலைச்சரிவில் ஷாமுவா ஆட்டின் பின்னால் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவனுக்குக் குட்டையான, தோளில் இடிக்காத, எடை குறைந்த துப்பாக்கி வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்த உருவம் இது.

அழகைப் பார்த்து மயங்குவது எளிது. நானும் மயங்கினேன். ஆனால் இதை மதிப்பிட வேண்டுமானால் வேறு ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: மரத்துக்கும் இரும்புக்கும் குணம் ஒத்துப்போகாது. நூறு வருஷமாக அவை இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. அந்தக் குடித்தனம் எப்படி நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பரிசோதனை.

மரம் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் அகலத்தில் வீங்கும், நீளத்தில் கிட்டத்தட்ட மாறாது. வால்நட் மரத்தில் ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அகலம் சுமார் கால் சதவீதம் கூடுகிறது. 40 மி.மீ. அகலமுள்ள கட்டையில் ஈரம் நான்கு சதவீதம் ஏறினால் 0.4 மி.மீ. வித்தியாசம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டையின் இரு பக்கமும் சமமாக வீங்குவதில்லை. நார் ஓடும் திசைக்கு ஏற்ப ஒரு பக்கம் கூடுதலாக வீங்கி, குழலை ஓரமாகத் தள்ளும். குழலின் நுனி பத்தில் ஒரு மி.மீ. விலகினாலே போதும், 100 மீட்டரில் குண்டு இரண்டு செ.மீ.க்கு மேல் தள்ளிப் போய்விடும். நுனி வரை மரம் இருப்பதால் தள்ளுகிற இடமும் நுனி வரை நீள்கிறது.

இரும்பின் கதை நேர் எதிர். அது ஈரத்துக்கு வீங்காது, சூட்டுக்கு நீளும். அடுத்தடுத்துச் சுட்டுக் குழல் 40 டிகிரி சூடேறினால் 450 மி.மீ. குழல் 0.2 மி.மீ. அளவுக்கு நீளும். கூடவே இருக்கும் மரம் நீளாது. நுனியில் இருக்கும் இரும்புத் தொப்பி இறுக்கமாக இருந்தால், நீளப் பார்க்கும் குழல் போக இடமில்லாமல் மெல்ல வளையும். அதனால்தான் இந்த வகைத் துப்பாக்கியில் முதல் இரண்டு குண்டுகள் ஓரிடத்திலும் ஐந்தாவது வேறிடத்திலும் விழுவது வழக்கம். பட்டறைக்காரர் அந்தத் தொப்பியின் திருகைத்தான் முதலில் பார்த்தார். யாராவது பலமாக முறுக்கி, திருகுத் தலையின் வெட்டு சிதைந்திருக்கிறதா என்று நகத்தால் தடவினார். சிதைந்த திருகு என்றால் ஏற்கெனவே யாரோ சரியான கருவி இல்லாமல் உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குப் புதுசு. “மரத்தைக் கழற்றிப் பார்க்கச் சம்மதமா?” குழலுக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டால் வெளியே வர வழியில்லை. மேலே பளபளவென்று இருக்கும் குழல், மரத்துக்கு அடியில் துருவேறிக் கிடக்கலாம். பாதிக்கட்டை ரைஃபிளில் குழலின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும். இதில் தெரியாது. கழற்றுவதும் பொறுமையான வேலை. முன்பக்கத்து மரம் விரல் தடிமன்கூட இல்லாத ஓடு, அவசரப்பட்டால் நார் வழியே பிளந்துவிடும். நண்பரின் ரைஃபிளில் அடிப்பக்கம் பழுப்புப் படலம் மட்டும் இருந்தது, குழிகள் இல்லை. போல்ட் அறைக்குப் பின்னால், ‘மணிக்கட்டு’ எனப்படும், கைப்பிடிக்கிற ஒடுங்கிய மரப் பகுதியில், தலைமுடி அளவு விரிசல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் இரும்பு பின்னால் வந்து மரத்தில் முட்டுகிற இடம் அது. பழைய எண்ணெய் ஊறி மரம் மெத்தென்று ஆகியிருந்தால் விரிசல் வளரும்.

குழலின் உட்புறத்தைப் பார்க்க வேதியியல் கொஞ்சம் தெரிய வேண்டும். அந்தக் காலத் தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. அதாவது, நம் சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. அந்த உப்பு குழலுக்குள் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுவிட்டோம் என்று திருப்தியாக இருந்தவர்களின் குழல்தான் அதிகம் கெட்டது, ஏனென்றால் உப்பு எண்ணெயில் கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலரவைத்து, அதற்குப் பிறகு எண்ணெய் போட்டவர்களின் குழல் இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தால் முந்தைய சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்றே தெரிந்துவிடும். மாமனார் வெந்நீர்க்காரர்.

சரி, இந்த ரைஃபிளின் உயிர்நாடி என்று நான் நினைப்பது ஷோனவரின் சுழலும் மாகசின், அதாவது தோட்டாக்கள் காத்திருக்கும் அறை. சாதாரண ரைஃபிள்களில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள்வில்லின் மேல் அடுக்கப்படும். இதில் ஐந்து வாய்க்கால்கள் வெட்டிய ஓர் உருளை இருக்கிறது. தோட்டாவை மேலிருந்து அழுத்தினால் அது ஒரு வாய்க்காலில் உட்கார, உருளை ஒரு படி சுழலும், உள்ளே இருக்கும் வில் ஒரு படி முறுக்கேறும். போல்ட்டை முன்தள்ளும்போது முறுக்கு விடுபட்டு அடுத்த தோட்டா தானாக மேலே வந்து நிற்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி இருக்கை என்பதால் ஒன்றோடொன்று உரசாது. காலி செய்ய வேண்டுமா, போல்ட்டைத் திறந்து ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினால் ஐந்தும் வரிசையாக மேலே துள்ளிக் கையில் விழும். பட்டறைக்காரர் போலித் தோட்டாக்களை வைத்து இதைச் செய்து காட்டினார். ஒரு சொரசொரப்பும் இல்லை. ஈரத் துணியில் சோப்பு வழுக்குகிற மாதிரி இருந்தது.

அந்த வழுவழுப்புக்கு ஒரு விலை உண்டு. வாய்க்காலின் வளைவும் நீளமும் ஒரே ஒரு தோட்டாவின் உருவத்துக்கென வெட்டப்பட்டவை. 1903 மாடலுக்கு அது 6.5×54 தோட்டா (6.5 மி.மீ. ரகக் குழல், 54 மி.மீ. நீளக் கூடு). அதன் குண்டு மழுங்கிய மூக்கு, 10.4 கிராம் எடை, விட்டத்தைப் போல ஐந்து மடங்கு அளவுக்கு நீளம். இத்தனை நீளமான குண்டு காற்றில் குட்டிக்கரணம் போடாமல் இருக்க வேகமாகச் சுழல வேண்டும். அதனால் குழலின் புரிகள், அதாவது உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளங்கள், 200 மி.மீ.க்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன. குண்டு வினாடிக்கு 680 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் வினாடிக்கு 3,400 சுற்று. ஒல்லியான நீளக் குண்டு தன் எடை முழுவதையும் சின்ன முகத்தின் பின்னால் வைத்திருப்பதால் ஆழமாக ஊடுருவும். ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இப்படிச் சின்ன விட்டத் தோட்டாக்களால் யானைகளைச் சுட்டார் என்பது பதிவான செய்தி. படிக்கும்போது யானைகளை நினைத்து மனம் கனக்கிறது. இயற்பியல் மட்டும் சரிதான்.

வாங்குகிறவருக்கு இதில் என்ன? கடையில் கிடைக்கிற இலேசான, குட்டையான குண்டுள்ள தோட்டாவைப் போட்டால் மாகசினிலிருந்து சரியாக ஏறாமல் போகலாம். ஏறினாலும் குண்டு புரியைத் தொடுவதற்கு முன் வெறுமையாக நெடுந்தூரம் தாண்ட வேண்டியிருக்கும், குறி பிசகும். ரைஃபிளை வாங்குவதற்கு முன் தோட்டா எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பது புத்திசாலித்தனம்.

போல்ட்டில் வெட்டியிருக்கும் எண்ணும் உடலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது கட்டாயம். சுடும்போது தோட்டாவின் உள்ளே அழுத்தம் 3,000 பாருக்கும் மேல், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் மூவாயிரம் மடங்குக்கும் மேல், போகிறது. அதைத் தாங்குவது போல்ட்டின் முன்பக்கத்து இரண்டு இரும்புக் காதுகள். வேறொரு ரைஃபிளின் போல்ட்டை மாட்டியிருந்தால் அதன் முகத்துக்கும் தோட்டாவின் பிட்டத்துக்கும் நடுவே இடைவெளி கூடி, பித்தளைக் கூடு கிழியலாம். அளவுக்கோல் கட்டைகளை அறைக்குள் வைத்துப் போல்ட் மூடுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு கட்டையில் மூட வேண்டும், அடுத்ததில் மூடக் கூடாது. இதைக் கண்ணால் ஊகிக்க முடியாது, பட்டறையில்தான் செய்ய வேண்டும்.

சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை இதில் இரட்டையாக இருந்தது. பின் விசையை இழுத்தால் ‘டிக்’ என்று உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் வில்லோடு முறுக்கேறி நிற்கும். முன் விசையை மூச்சு விடுகிற மாதிரி தொட்டால் போதும், அந்தச் சுத்தியல் விடுபட்டு உண்மையான கொக்கியைத் தட்டிவிடும். கனமான வேலையை வில் செய்கிறது, விரலுக்கு வேலை சொற்பம். பரிசோதிக்கும்போது பின் விசையை முறுக்கிவிட்டு, ரைஃபிளின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார்கள், காலியாக இருக்கும்போதுதான். தட்டியதிலேயே விடுபட்டால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அப்படியே சுடக் கூடாது.

விலையைப் பொறுத்தவரை ஒரே ஒரு வார்த்தை. பழைய நீலக்கருப்புப் பூச்சு தேய்ந்து வெளுத்திருந்தால் விலை அதிகம் குறையாது. யாராவது புதுசு போல ஆக்குகிறேன் என்று மெருகேற்றித் திரும்பப் பூச்சு ஏற்றியிருந்தால் குறையும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், திருகுத் துளைகளின் வாய் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். தொலைநோக்கி மாட்டுவதற்காகப் பிற்காலத்தில் போட்ட துளைகளும் விலையைக் குறைக்கும். எனக்கு இதில் ஒளிவுமறைவு இல்லாத கருத்து உண்டு: தேய்ந்தது தேய்ந்தபடி இருப்பதே நேர்மை.

நண்பர் அதை விற்கவில்லை. பட்டறைக்காரர் தொப்பித் திருகைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்து, சுடுதளத்தில் ஐந்து குண்டை ஒரே மூச்சில் சுட்டுப் பார்க்காதே என்றார். மலையில் வேட்டைக்காரன் குளிர்ந்த குழலிலிருந்து ஒரே ஒரு குண்டுதான் சுடுவான், அதுதான் இந்தத் துப்பாக்கிக்குப் பரீட்சை. ஆகவே நண்பர் ஆறு வெவ்வேறு காலைகளில், 100 மீட்டரில், ஒரே காகிதத்தில், நாளுக்கு ஒரு குண்டு சுட்டார். அந்தக் காகிதத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். ஐந்து ஓட்டைகளை ஒரு தீப்பெட்டி மறைத்துவிடும். ஆறாவது இடப்பக்கம் மேலே, நான்கு செ.மீ. தள்ளி. அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “வியாழன். இரண்டு நாள் மழைக்குப் பிறகு.”